மறைந்த கோர், கூட்டிய வேகம்: கோளாறை அறிகுறி வழியே பிடிக்கும் முறை

2009, 2010 ஆண்டுகளில் ஏஎம்டி நிறுவனம் விற்ற இரண்டு கோர், மூன்று கோர் பிராசசர்கள் பலவற்றின் உள்ளே உண்மையில் நான்கு கோர்கள், அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள், இருக்கின்றன. சோதனையில் தேறாத கோர்களை நிறுவனமே மூடி அனுப்பியது. மலிவான மாடலுக்குக் கிராக்கி அதிகம் இருந்ததால் நல்ல கோர்களும் சேர்ந்து மூடப்பட்டன. கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரலான பயாஸில் ஒரு வசதியை இயக்கினால் அவை திறந்துகொள்ளலாம். அந்தக் கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. சென்னை ரிச்சி தெருவில் பழைய மதர்போர்டையும் பிராசசரையும் சேர்த்து வாங்கி வந்து பிள்ளைகளுக்குக் கணினி கட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். கோரைத் திறந்தபின் இப்படிப்பட்ட பெட்டிகளில் வரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே சிலதான். அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு கட்டாயம். கோர் திறப்பது ஒரு வேலை, ஓவர்கிளாக் செய்வது, அதாவது கம்பெனி வைத்த வேகத்தைக் கூட்டுவது, வேறொரு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். சரிபார்க்க வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஒன்றாகச் செய்து குழம்பியவை. எது கெடுத்தது என்று தெரியாமல் இரண்டையும் அவிழ்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. முதலில் கோரைத் திறந்து, கம்பெனி வேகத்திலேயே ஒரு வாரம் ஓட்டுங்கள். அது நின்றால் மட்டுமே வேகத்தில் கை வையுங்கள்.

கை வைக்கும் முன்

புகைப்படங்கள், பிள்ளைகளின் படிப்புக் கோப்புகள், கணக்குகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். பழுதான கோர் கணினியை நிறுத்துவதோடு விடாது. நிற்காமலே தவறான எண்ணைக் கணக்கிட்டு அதைக் கோப்பில் எழுதிவிடும், பல வாரம் கழித்துத்தான் தெரியும். நகல் எடுக்காமல் இந்த வேலையில் இறங்குபவரை நான் தடுத்துவிடுவேன்.

பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் இப்போதே கைபேசியில் படமெடுத்து வையுங்கள். பெட்டியைத் திறந்து, பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் சீமாஸ் நினைவகத்தை அழிக்கும் ஜம்பர் (பின்கள்மேல் மாட்டும் சிறு தொப்பி) எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். திரை இருண்டபின் தேடினால் பதற்றத்தில் வேறு பின்னைத் தொட்டுவிடுவீர்கள்.

## அறிகுறி 1: திறக்கும் வசதியே இல்லை, அல்லது இயக்கியும் கோர் எண்ணிக்கை கூடவில்லை

முதலில் பிராசசரைப் பாருங்கள். வாய்ப்புள்ளவை இவை (எக்ஸ்-க்குப் பின் வரும் எண் கோர் எண்ணிக்கை): ஃபெனம் 2 எக்ஸ்2 550, 555, ஃபெனம் 2 எக்ஸ்3 720, அத்லான் 2 எக்ஸ்3 435, 440, 445. செம்ப்ரான் 140-ல் ஒரு கோர் இரண்டாகும். ஃபெனம் 2 எக்ஸ்4 960டி ஆறு கோர் பிராசசரிலிருந்து வந்தது, எனவே நான்கு ஆறாகலாம். சாதாரண அத்லான் 2 எக்ஸ்2 பெரும்பாலும் பிறவியிலேயே இரண்டு கோர்தான், அங்கே தேடிப் பயனில்லை. ரைசன், இன்டெல் கோர் ஐ வரிசை வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது.

விண்டோஸில் உள்ள பொறியில் விழாதீர்கள். எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியில் பிராசசர் எண்ணிக்கையைத் தேர்ந்தால் எல்லாக் கோர்களும் திறக்கும் என்று சொல்லும் காணொளிகள் ஏராளம். அது தவறு. விண்டோஸ் இயல்பாகவே இருக்கும் எல்லாக் கோர்களையும் பயன்படுத்துகிறது. அந்தக் கட்டத்தில் டிக் போட்டால் எண்ணிக்கை குறையத்தான் முடியும். பயாஸில் நான்கு தெரிந்தும் விண்டோஸில் இரண்டுதான் தெரிகிறது என்றால், யாரோ எப்போதோ போட்ட டிக் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினால் தீர்ந்துவிடும். கோர் திறப்பதாகச் சொல்லும் மென்பொருள் எதையும் இறக்கி நிறுவாதீர்கள்.

அடுத்து போர்டு. எஸ்பி710, எஸ்பி750 சிப் உள்ள போர்டுகளில் ஏசிசி (அட்வான்ஸ்டு கிளாக் கேலிபரேஷன்) என்ற அமைப்பு இருக்கும். அதை 'ஆட்டோ' ஆக்க வேண்டும். சில கிகாபைட் போர்டுகளில் அதன் அருகிலேயே ஈசி ஃபர்ம்வேர் என்ற வரியை 'ஹைப்ரிட்' ஆக்கினால்தான் வேலை நடக்கும். சில ஆசுஸ் போர்டுகளில் 'அன்லீஷிங் மோட்' என்ற பெயரில் இருக்கும். எஸ்பி850 சிப்பில் ஏசிசி நீக்கப்பட்டுவிட்டது. அதன்பின் போர்டு நிறுவனங்கள் தாங்களே வழி செய்துகொண்டன: ஆசுஸில் கோர் அன்லாக்கர், எம்எஸ்ஐயில் அன்லாக் சிபியு கோர், ஏஎஸ்ராக்கில் யூசிசி. இவற்றில் ஒன்றோ, இதேபோல வேறு பெயரில் ஒரு வசதியோ இல்லையென்றால் உங்கள் போர்டு திறக்காது.

பயாஸ் பதிப்பை மாற்றலாமா? சில போர்டுகளில் பழைய பதிப்பில் இருந்த வசதி புதியதில் காணாமல் போயிருக்கும். சிலவற்றில் நேர்மாறு. பயாஸ் எழுதும்போது மின்சாரம் போனால் போர்டு எழாது. யுபிஎஸ் இல்லாத வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். போர்டின் மாடல் எண்ணோடு திருத்த எண்ணும் பொருந்துகிறதா என்று இரண்டு முறை பாருங்கள், திருத்த எண் போர்டின் ஓரத்திலேயே சிறிதாக அச்சிட்டிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் எண்ணிக்கை கூடவில்லை என்றால் அந்தக் கோர் திறக்கப்போவதில்லை. இதற்காக வேறு போர்டு வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் ஓடும் கணினிக்கு நான்காவது கோரைவிட அதுதான் வேகம் தரும்.

## அறிகுறி 2: திறந்தவுடன் திரை இருண்டுவிட்டது

மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, படம் இல்லை. பயப்பட வேண்டாம், எதுவும் எரிந்துவிடவில்லை. மறைந்த கோர் முழுப் பழுது என்றால் இப்படித்தான் ஆகும்.

முதலில் ஒரு நிமிடம் பொறுங்கள். சில போர்டுகள் தாமே ஓரிரு முறை அணைந்து எழுந்து பழைய அமைப்புக்குத் திரும்பும். அதன் நடுவில் பொத்தானை அழுத்தி அழுத்தி அணைத்தால் அது தன்னைச் சரிசெய்துகொள்ள வாய்ப்பே இருக்காது.

திரும்பவில்லை என்றால் சீமாஸை அழிக்க வேண்டும். சுவரில் சுவிட்சை அணைப்பது போதாது, மின்வயரைப் பெட்டியிலிருந்தே உருவிவிடுங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். மின்விசிறி லேசாக ஒரு துள்ளு துள்ளி நிற்கலாம். மிச்சமிருந்த மின்சாரம் வடிகிறது என்று அர்த்தம். இப்போது மூன்று பின் ஜம்பரின் தொப்பியை 1-2லிருந்து கழற்றி 2-3ல் பத்து வினாடி வைத்து, மீண்டும் 1-2லேயே போடுங்கள். தொப்பியை 2-3லேயே விட்டுவிட்டு, போர்டு செத்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. இரண்டு பின் மட்டும் உள்ள போர்டில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் போதும். ஜம்பர் கண்ணில் படவில்லை என்றால் போர்டில் உள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள்.

படம் வந்துவிட்டது. கோர் திறப்பை மறுபடி முயலும்போது, போர்டு அனுமதித்தால் ஒவ்வொரு கோராகத் திறந்து பாருங்கள். ஆசுஸ் போர்டுகள் பலவற்றில் சிபியு கோர் ஆக்டிவேஷன் என்ற பகுதியில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கோரைத் தனித்தனியாக இயக்கலாம், அணைக்கலாம். எக்ஸ்2 பிராசசர் மூன்று கோரில் நின்றுவிட்டால் அதுவும் லாபம்தான். மறைந்திருந்தது கடைசி எண்ணுள்ள கோர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், எந்த எண்ணாகவும் இருக்கலாம்.

சீமாஸை அழித்தும் படம் வரவில்லை. ராம் சில்லுகளைக் கழற்றி ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதைக் கழற்றிப் போர்டின் சொந்தத் திரை இணைப்பில் பாருங்கள். அதிலும் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். போர்டா, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸா என்று பார்க்க மாற்றுப் பாகம் கையில் இருக்க வேண்டும்.

## அறிகுறி 3: பயாஸில் நான்கு கோர், விண்டோஸ் ஏறும்போது நீலத்திரை

இது எல்லைக்கோட்டில் நிற்கும் கோர். நீலத்திரையில் வரும் எண்ணைப் படமெடுங்கள். 101 என்ற எண், அல்லது 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்ற வரி வந்தால் ஒரு கோர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது என்று பொருள். 124 வந்தால் வன்பொருள் பிழை. கோர் திறந்த கணினியில் இந்த இரண்டில் எது வந்தாலும் சந்தேகம் முதலில் திறந்த கோர் மீதுதான்.

அது ஓவர்கிளாக் செய்யப்பட்ட பெட்டியா? எல்லா வேகத்தையும் கம்பெனி அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். பாதிக்குப் பாதி இங்கேயே தீரும்.

தீரவில்லையென்றால் மின்னழுத்தம். இரண்டு கோருக்காக வைத்த அளவு நான்குக்குப் போதாமல் இருக்கலாம். பயாஸில் இப்போது உள்ள அளவைப் பார்த்து 0.025 வோல்ட் கூட்டுங்கள். பலன் இல்லையென்றால் இன்னொரு 0.025. அதற்கும் மசியாத கோரை விட்டுவிடுங்கள். கம்பெனி வேகத்தில் நிற்கவே இவ்வளவு ஊட்டம் கேட்கும் கோர், மே மாதத்தில் நிற்காது.

ஏசிசி உள்ள போர்டில் ஒவ்வொரு கோருக்கும் சதவீதம் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்கும். கூட்டல் 2, கூட்டல் 4 என்று மெல்ல மாற்றிப் பார்க்கலாம். அதில் நாட்களைச் செலவிடாதீர்கள்.

## அறிகுறி 4: நன்றாக ஓடுகிறது, ஆனால் எப்போதாவது நின்றுவிடுகிறது

இதுதான் அதிகம் வருவது, அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். இணையம் பார்க்கும்வரை ஒன்றும் தெரியாது. வீடியோ மாற்றும்போதோ, பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கும்போதோ பிழை வரும். பிரிக்கும்போது 'சிஆர்சி பிழை' (கோப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) என்று வந்தால் கோப்புதான் கெட்டது என்று நினைத்து மறுபடி இறக்குவார்கள். அதே கோப்பு இரண்டாம் முறை பிழையில்லாமல் பிரிந்தால், கெட்டது கோப்பு அல்ல.

எந்தக் கோர் என்று கண்டுபிடிப்பது

விண்டோஸ் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் வன்பொருள் பிழைகளைப் பதியும் டபிள்யூஎச்இஏ லாகர் என்ற பெயரில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். 18 என்ற எண் கணினியை நிறுத்திய பிழை. 19 என்ற எண், பிராசசர் தானே திருத்திக்கொண்ட பிழை. பதிவின் உள்ளே 'பிராசசர் ஏபிஐசி ஐடி' என்று ஒரு வரி இருக்கும். அதன் எதிரில் உள்ள எண் எந்தக் கோரைக் குறிக்கிறதோ அதுதான் குற்றவாளி. திரும்பத் திரும்ப அதே எண் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

பதிவு இல்லையென்றால், பிராசசருக்கு முழுச்சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை ஓட்டுங்கள். ஒவ்வொரு கோருக்கும் ஒரு சிறு சாளரம் திறக்கும். அதில் 'ஸ்மால் எஃப்எஃப்டி' என்ற சோதனையில் தொடங்குங்கள், அது கோர்களை நேரடியாக வறுக்கும். நல்ல கோர்களின் சாளரங்களில் தேறியதாக வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டே இருக்கும். பழுதான கோரின் சாளரத்தில் 'ரவுண்டிங்' 0.5, எதிர்பார்த்தது 0.4-க்குக் கீழே என்று ஒரு பிழை வரி வந்து, அந்த ஒன்று மட்டும் உறைந்து நிற்கும். மற்ற மூன்றும் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டே இருக்கும். கணினி நிற்காததால் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் இது கண்ணில் படும். சோதனையை ஓட்டிவிட்டு எழுந்துபோய், திரும்பி வந்து 'கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். சாளரங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எண்களில் ஒரு சிக்கல் உண்டு. பிரைம்95 ஒன்றிலிருந்து எண்ணுகிறது. ஏபிஐசி ஐடி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. ஏபிஐசி 2 என்பதும் பிரைம்95-ன் மூன்றாம் சாளரமும் பயாஸில் 'மூன்றாவது கோர்' என்பதும் பொதுவாக ஒன்றே. சாளரமும் கோரும் ஒன்றுக்கொன்று கட்டப்பட்டவை என்று நம்ப முடியாவிட்டால், டாஸ்க் மேனேஜரில் அஃபினிட்டி (எந்தக் கோரில் ஓட வேண்டும் என்ற தேர்வு) என்ற இடத்தில் ஒரே ஒரு கோரை மட்டும் விட்டு, ஒரே ஒரு சாளரத்தை ஓட்டிப் பாருங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் நல்ல கோரை அணைத்துவிட்டுப் பழுதானதை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு இல்லை.

கண்டுபிடித்த பின்

போர்டு அனுமதித்தால் அந்தக் கோரை மட்டும் அணைத்துவிட்டு மூன்று கோரில் ஓட்டுங்கள். தனித்தனியாக அணைக்கும் வசதி இல்லாத போர்டில் எல்லாவற்றையும் மூடிவிடுவதே வழி. 'எப்போதாவதுதானே நிற்கிறது' என்று நான்கையும் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். முதலில் சொன்ன, சத்தமில்லாமல் கோப்பைக் கெடுக்கும் கோர் இதுதான்.

அத்லான் 2 எக்ஸ்3 வைத்திருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் பிராசசர் சில சமயம் ஃபெனம் சில்லிலிருந்து வெட்டப்பட்டதாக இருக்கும். அப்போது நான்காவது கோரோடு 6 எம்பி எல்3 கேஷும் (கோர்கள் பகிரும் விரைவு நினைவகம்) சேர்ந்து திறக்கும். பயாஸில் பெயர் 'ஃபெனம் 2 எக்ஸ்4 பி35', 'பி40' என்று மாறித் தெரியும். ஃபெனம் எக்ஸ்2 550 இதேபோல 'பி50' என்று காட்டும். இந்தப் பெயர் மாற்றம் கோளாறு அல்ல. ஆனால் எல்3 பழுதாக இருந்தால் பிழை ஒரே கோரில் நிற்காமல் சாளரம் சாளரமாகத் தாவும். எல்3-ஐ மட்டும் அணைக்கும் வசதி உங்கள் போர்டில் இல்லையென்றால் திறப்பதையே விட்டுவிடுங்கள்.

எவ்வளவு நேரம் சோதிக்க வேண்டும்? இரவு முழுதும், பிழை ஒன்றுகூட இல்லாமல். அதன்பின் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று. பகலில் ஓட்டினால் இன்னும் நல்லது, ஏனென்றால் நம் ஊரில் பகல் வெயில்தான் உண்மையான சோதனை. மார்கழியில் தேறிய கணினி சித்திரையில் தேற வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

## அறிகுறி 5: வெப்பநிலை பூஜ்யம் காட்டுகிறது, அல்லது நம்ப முடியாத எண்

கோரைத் திறந்தவுடன் வெப்பநிலை காட்டும் கோர் டெம்ப் போன்ற மென்பொருள் கருவிகள் 0, 5, 12 டிகிரி என்று ஏதாவது காட்டும். அறையே 34 டிகிரி இருக்கும்போது பிராசசர் 12 டிகிரியில் இருக்க முடியாது. கருவி கெடவில்லை, மாற்றுக் கருவி தேடி அலைய வேண்டாம். திறந்த நிலையில் இந்தப் பிராசசர்களின் உள் வெப்பமானி சரியாக வேலை செய்வதில்லை. பயாஸ் திருத்தி இதைச் சரிசெய்ய வழியில்லை.

இந்த அறிகுறியைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள், எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான். உள் வெப்பமானி வேலை செய்யாதபோது, சூடு எல்லை மீறினால் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் நம்பி இருக்க முடியாது. எனவே மூன்று காரியம் செய்யுங்கள்.

பிராசசர் சாக்கெட்டின் அடியில் போர்டுக்குச் சொந்தமான ஓர் உணரி இருக்கிறது. பயாஸின் ஹார்ட்வேர் மானிட்டர் பக்கத்தில் தெரிவதும், எச்டபிள்யூ மானிட்டர் மென்பொருளில் போர்டின் பெயருக்குக் கீழே வருவதும் அதுதான். அது தொடர்ந்து வேலை செய்யும். கோரைத் திறப்பதற்கு முன்பே, பழைய நிலையில் பிரைம்95 ஓட்டி, கோர் வெப்பம் எவ்வளவு, சாக்கெட் வெப்பம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வையுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி உங்களுக்குக் கிடைத்துவிடும். பின்னால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைக் கணிக்கலாம்.

இரண்டாவது, பயாஸில் சிபியு வெப்ப எச்சரிக்கையை இயக்குங்கள். அதுவும் சாக்கெட் உணரியைப் பார்த்துத்தான் ஒலிக்கும்.

மூன்றாவது, எல்லையைக் கீழே வையுங்கள். நான்கு கோர் ஃபெனம் 2 எக்ஸ்4 955-க்கு ஏஎம்டி சொன்ன உச்சம் 62 டிகிரி. இரண்டு கோர் 550-க்குச் சொன்னது 70. நான்காகத் திறந்தபின் 550-ஐயும் 955 போலவே நடத்துங்கள். சாக்கெட் உணரி முழுச்சுமையில் 55-ஐத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன்.

55-ஐத் தாண்டுகிறது. என்ன செய்ய? செலவில்லாத வரிசையில் போங்கள். பெட்டியைத் திறந்து ஹீட்சிங்கின் (பிராசசர்மேல் உள்ள உலோகக் குளிர்விப்பான்) தகடுகளுக்கு இடையே பாருங்கள். மின்விசிறியைக் கழற்றினால்தான் தெரியும்: மேலே சுத்தமாக இருக்கும், அடியில் தூசி கம்பளிபோல அடைத்திருக்கும். தூரிகையால் எடுங்கள், மின்விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

அடுத்து, பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட். பத்து வருடப் பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. ஏஎம்3 சாக்கெட்டில் பிராசசரின் பின்கள் பிராசசரிலேயே இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, ஹீட்சிங்கை இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து பிய்ந்து வரும், பின்கள் வளையும். கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, வயரை உருவியபின் கொக்கியை விடுவியுங்கள். நேராக மேலே இழுக்காமல், ஹீட்சிங்கை இடவலமாக மெல்லத் திருகித் திருகி விடுவித்த பிறகே தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் பட்டாணியளவுக்கும் குறைவாகப் புதியதை வையுங்கள்.

அதற்கும் இறங்கவில்லையென்றால் பெரிய கூலர். அதற்கும் மனமில்லையென்றால் ஒரு கோரை அணையுங்கள், அதுவே மலிவான கூலர். பின் வளைந்துவிட்டால் ஊசியை எடுத்துக்கொண்டு நீங்களே நிமிர்த்த வேண்டாம். உருப்பெருக்கி வைத்து வேலை செய்யும் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 6: ஓவர்கிளாக் செய்தபின் நிற்கிறது

எப்படி நிற்கிறது என்று பாருங்கள், அதில் பாதி விடை இருக்கிறது.

திரை உறைந்து நிற்கிறது, அல்லது நீலத்திரை. வேகம் அதிகம், அல்லது மின்னழுத்தம் குறைவு. பெருக்கியைக் கூட்ட அனுமதிக்கும் பிளாக் எடிஷன் பிராசசரில் பெருக்கியை மட்டும் அரைப் படி குறையுங்கள். அடிப்படைக் கடிகாரமான 200-ஐப் பெருக்கியான 15.5-ஆல் பெருக்கினால் 3.1 கிகாஹெர்ட்ஸ், 550-ன் சொந்த வேகம். ஒவ்வொரு அரைப் படியும் 100 மெகாஹெர்ட்ஸ். இந்தப் பழைய பெட்டிகளில் 1.45 வோல்ட்டுக்கு மேல் சாதாரணக் காற்றுக் கூலரில் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பிளாக் எடிஷன் அல்லாத பிராசசர். பெருக்கி மேலே ஏறாது, அடிப்படைக் கடிகாரத்தைத்தான் கூட்ட வேண்டும். அதைக் கூட்டினால் எல்லாமே சேர்ந்து ஏறுகிறது, கோளாறின் ஊற்று அதுதான். அத்லான் 2 எக்ஸ்3 440-ல் 200-ஐ 220 ஆக்கினால் பிராசசர் 3.0-லிருந்து 3.3 கிகாஹெர்ட்ஸ் ஆகும். கூடவே 1333 ராம் 1466-க்கும், பிராசசரையும் போர்டையும் இணைக்கும் ஹைப்பர் டிரான்ஸ்போர்ட் 2000-லிருந்து 2200-க்கும் போய்விடும். பிராசசர் தாங்கும், ராம் தாங்காது. ராமை 1066 என்று வையுங்கள், அது 1173-ல் ஓடும். ஹைப்பர் டிரான்ஸ்போர்ட்டை 1800 என்று வையுங்கள், 1980-ல் ஓடும். பிசிஐ எக்ஸ்பிரஸ் கடிகாரத்தை 'ஆட்டோ'வில் விடாமல் 100 என்று பூட்டிவிடுங்கள்.

சட்டென்று அணைந்துவிடுகிறது, நீலத்திரையும் இல்லை. இது மின்சாரம் அல்லது சூடு. யுபிஎஸ் கூவுகிறதா? வீட்டில் வைக்கும் 600 விஏ யுபிஎஸ் பழைய பேட்டரியோடு இந்தக் கூடுதல் சுமையைத் தாங்காது. மின்சாரம் இருக்கும்போது தேறி, மின்தடை வந்த நொடியில் அணைந்தால் பழி யுபிஎஸ் பேட்டரிமேல்தான். யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேரடி இணைப்பில் ஓட்டியும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம், 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று அதன் பக்கவாட்டுச் சீட்டில் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வயரை உருவிய பின்னும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

நிற்கவில்லை, ஆனால் முன்பைவிட மந்தம். பிராசசர் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு சுமை கொடுங்கள். வேகம் திடீரென்று பாதிக்கும் கீழே இறங்கி ஏறினால், பிராசசருக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட்கள் சூடேறுகின்றன. சாக்கெட்டுக்கு அருகே உள்ள அந்தச் சின்னக் கறுப்புச் சதுரங்கள்மேல் ஹீட்சிங்க் இல்லாத மலிவு போர்டுகளில் இது சகஜம். போர்டின் கையேட்டில் 95 வாட் வரை என்று போட்டிருந்தால் நான்கு கோரும் திறந்து ஓவர்கிளாக்கும் செய்வது அந்தப் போர்டுக்குச் செய்யும் கொடுமை. கோபுர வடிவக் கூலர் மாட்டியபின் இது தொடங்கியிருந்தால் காரணம் எளிது: பழைய கூலர் கீழ்நோக்கி ஊதி மாஸ்ஃபெட்களையும் குளிர்வித்தது, புதியது ஊதுவதில்லை. அந்த இடத்தை நோக்கி ஒரு சிறு மின்விசிறி வையுங்கள். போதவில்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள்.

## அறிகுறி 7: காலையில் போட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பியிருக்கிறது

கடிகாரமும் பின்தங்கியிருந்தால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். கடிகாரம் சரியாக இருந்து கோர் மட்டும் மூடியிருந்தால், முதல் தொடக்கத்தில் போர்டு தோற்று, தானே பழையதற்குத் திரும்பியிருக்கிறது. குளிர்ந்த நிலையில் அந்தக் கோர் எழத் தடுமாறுகிறது. அறிகுறி 3-ல் சொன்ன 0.025 வோல்ட்டைக் கூட்டிப் பாருங்கள்.

## அறிகுறி 8: எல்லாம் தேறியது, ஒரு விளையாட்டோ மென்பொருளோ மட்டும் திறப்பதில்லை

அது கோர் பிரச்சினை அல்ல. இந்தப் பிராசசர்களில் எஸ்எஸ்இ 4.1, 4.2 கட்டளைகள் இல்லை. அவற்றைக் கேட்கும் மென்பொருள் எத்தனை கோர் திறந்தாலும் ஓடாது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பும் இதே காரணத்தால் இவற்றில் எழாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், இணையத்தோடு இருக்கும் வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் நல்ல வழி. லினக்ஸில் முனையத்தைத் திறந்து எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்தால் கோர் எண்ணிக்கை தெரியும்.

## உடனே அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலைகள்

எரிந்த வாசனை, அல்லது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சடசடவென்ற ஒலி. போர்டில் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருப்பது, அடியில் பழுப்பு நிறக் கசிவு. பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் ஷாக்: இது கணினிக் கடைக்கு முன் எலக்ட்ரீஷியனுக்கு, சுவர் பிளக்கில் எர்த் வருகிறதா என்று அவர்தான் பார்க்க வேண்டும். 24 பின் இணைப்பியோ பிராசசர் மின் இணைப்பியோ மஞ்சளித்து உருகியிருப்பது. எல்லாவற்றையும் கம்பெனி அமைப்புக்குத் திருப்பி, கோரையும் மூடிய பின்னும் அதே நீலத்திரை தொடர்வது.

கொண்டுபோகும்போது கோர் திறந்திருந்தது, ஓவர்கிளாக் செய்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் அவர் நல்ல ராமையும் நல்ல டிஸ்கையும் மாற்றச் சொல்லுவார், தவறு அவருடையதாக இருக்காது. பிராசசர் மாடல், போர்டின் மாடலும் திருத்த எண்ணும், நீலத்திரை எண், ஏபிஐசி எண், முழுச்சுமையில் சாக்கெட் வெப்பம், பயாஸில் வைத்த வோல்ட் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள்.